99 சதவீதம் என்றால் எதில் 99?

உயிரியல் படித்தவள் என்று தெரிந்துவிட்டால் போதும், சொந்தக்காரர், நண்பர், நண்பரின் மைத்துனர் என்று யாராவது ஒரு லேப் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பி "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிடுவார்கள். நான் டாக்டர் இல்லை என்பதுதான் என் முதல் பதில். ஆனாலும் கொஞ்ச காலமாக ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. ஒன்று, கர்ப்பிணியின் கையில் ரத்தம் எடுத்துக் குழந்தையின் குரோமோசோம்களைப் பற்றிச் சொல்லும் என்.ஐ.பி.டி. சோதனை, இன்னொன்று, ஒரே ரத்த மாதிரியில் பல வகைப் புற்றுநோய்களைத் தேடும் சோதனை. "99 சதவீதம் துல்லியம்னு போட்டிருக்கு, பாசிட்டிவ்னு வந்திருக்கு, அப்போ உறுதிதானே?"

உறுதி இல்லை. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனியாக டைப் செய்து அலுத்துவிட்டது, அதனால் எல்லாம் இங்கே.

இரண்டும் ஒரே விஷயத்தின் மேல் நிற்கிற சோதனைகள். நம் உடலில் செல்கள் இறந்துகொண்டே இருக்கின்றன, அவற்றின் டி.என்.ஏ. துண்டு துண்டாக ரத்தத்தில் கலக்கிறது, பெரும்பாலான துண்டுகள் சுமார் 166 எழுத்து நீளம்தான், கொஞ்ச நேரத்திலேயே உடல் அவற்றைச் சுத்தம் செய்தும் விடுகிறது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் இப்படிப்பட்ட பொருள் இருப்பதை மண்டேல், மெத்தே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1948-லேயே சொல்லிவிட்டார்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் தெரிவதற்கும் 5 வருடம் முன்னால்! யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1996-ல், புற்றுநோயாளிகளின் பிளாஸ்மாவில் கட்டியின் டி.என்.ஏ. மிதக்கிறது என்று இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. அதைப் படித்த டென்னிஸ் லோ என்ற மருத்துவர் (ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார், பிறகு ஹாங்காங் போனார்) அதுவரை பல வருடங்களாகத் தாயின் ரத்தத்தில் சிசுவின் முழு செல்களைத் தேடிக்கொண்டிருந்தவர். ஒரு சின்னக் கட்டியே இவ்வளவு டி.என்.ஏ.வைக் கொட்டுகிறது என்றால், அதைவிடப் பெரிதாக வளர்கிற குழந்தை எவ்வளவு கொட்டும்? இதுதான் அவருக்குத் தோன்றியது. பிளாஸ்மாவிலிருந்து டி.என்.ஏ.வை எப்படிப் பிரிப்பது என்று யோசித்தபோது நூடுல்ஸ் வேகவைப்பது நினைவுக்கு வந்து, பிளாஸ்மாவையே சில நிமிடம் கொதிக்க வைத்துப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆண் குழந்தையைச் சுமந்த தாய்மாரின் பிளாஸ்மாவில் ஒய் குரோமோசோம் துண்டுகள் கிடைத்தன. 1997-ல் அது கட்டுரையாக வந்தது. ஆக, கர்ப்பகாலச் சோதனை பிறந்ததே புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்துதான். பின்னால் இந்த உறவு வேறொரு விதத்தில் திரும்ப வந்தது, சொல்கிறேன்.

என்.ஐ.பி.டி. குழந்தையின் டி.என்.ஏ.வைத் தனியாகப் பிரித்தெடுத்துப் படிக்கிறது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். பரவலான முறையில் அப்படி எதுவும் நடப்பதில்லை. தாயுடையது, குழந்தையுடையது எல்லாம் கலந்த லட்சக்கணக்கான துண்டுகளைப் படித்து, எந்தத் துண்டு எந்தக் குரோமோசோமைச் சேர்ந்தது என்று எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். 2008-ல் லோவின் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் குவேக்கின் குழுவும் இது நடக்கும் என்று தனித்தனியாகக் காட்டினார்கள், 2011-ல் சோதனை சந்தைக்கு வந்தது.

கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள். சிசுவின் பங்கு மொத்தத்தில் 10 சதவீதம் என்று வைப்போம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. அப்படியானால் அந்தக் குரோமோசோமிலிருந்து வரும் துண்டுகள் வழக்கத்தைவிட 5 சதவீதம்தான் கூடும். வழக்கமாக மொத்தத்தில் 1.3 சதவீதம் இருக்க வேண்டியது 1.365 ஆகும். இந்தச் சிறு வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் அத்தனை லட்சம் எண்ண வேண்டியிருக்கிறது. சிசுவின் பங்கு 4 சதவீதத்துக்குக் கீழே போனால் பல லேப்கள் முடிவு சொல்ல முடியவில்லை என்று எழுதிவிடும். பத்தாவது வாரத்துக்கு முன் ரத்தம் கொடுத்தாலோ, தாயின் உடல் எடை அதிகமாக இருந்தாலோ அப்படி ஆக வாய்ப்பு கூடுதல்.

இன்னொன்று, அது உண்மையில் குழந்தையின் டி.என்.ஏ.வே அல்ல. நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. இரண்டும் ஒரே கருவிலிருந்து வளர்வதால் பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆனால் எப்போதும் அல்ல. நஞ்சுக்கொடியில் மட்டும் ஒரு பகுதி செல்களுக்குக் குரோமோசோம் கூடுதலாக இருந்து, குழந்தை நன்றாகவே இருக்கலாம். இரட்டையாக உருவாகி ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்துபோயிருந்தால் அதன் மிச்சமும் எண்ணிக்கையில் சேரும். தாய்க்கே அவருக்குத் தெரியாத குரோமோசோம் மாற்றம் இருக்கலாம். இதனால்தான் பாசிட்டிவ் வந்தால் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கிற அம்னியோசென்டெசிஸ் போன்ற ஒரு சோதனையால் உறுதிசெய்யாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்கிறார்கள். நெகட்டிவ் வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: இதயத்தில் ஓட்டை, முதுகுத்தண்டு சரியாக மூடாமல் இருப்பது எல்லாம் இந்தச் சோதனையின் கண்ணில் படாது, அதற்கு ஸ்கேன்தான்.

சரி, அந்த 99.

டவுன் சிண்ட்ரோம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் திறன் 99 சதவீதம் என்றும், இல்லாதவர்களில் 1000 பேருக்கு ஒருவருக்குத் தப்பாகப் பாசிட்டிவ் வரும் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மைக்குப் பக்கமான எண்கள்தான். ஒரு லட்சம் இளம் கர்ப்பிணிகள், அவர்களில் 1000-க்கு ஒரு குழந்தைக்கு இந்தப் பிரச்சினை. அதாவது 100 குழந்தைகள். சோதனை 99-ஐப் பிடித்துவிடும், அருமை. ஆனால் மீதி 99,900 பேரில் சுமார் 100 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆகப் பாசிட்டிவ் வந்த 199 பேரில் பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை! இதே சோதனையை 100-க்கு ஒரு குழந்தை என்ற அளவில் ஆபத்து இருக்கிற, 40 வயதையொட்டிய தாய்மாரிடம் செய்தால் பாசிட்டிவில் 10-க்கு 9 உண்மையாக இருக்கும். இயந்திரமும் லேபும் ஒன்றுதான், சோதனை செய்துகொள்கிற ஆள்தான் வேறு. 99 என்பது நோய் இருப்பவர்களைப் பற்றிய எண். பாசிட்டிவ் வந்த ஒருவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு எண், அதை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டுப் பார்த்ததில்லை.

அரிதான கோளாறுகளுக்குப் போகப் போக இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். குரோமோசோமில் சின்னத் துண்டு காணாமல்போகும் மைக்ரோடெலீஷன் வகைகளையும் கூடுதல் பேக்கேஜாகச் சேர்த்து விற்கிறார்கள். அவை மிக அரிது, ஆகவே பாசிட்டிவ்களில் பெரும்பகுதி பொய்யாகத்தான் இருக்கும். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சோதனைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே இந்தச் சோதனைகளின் முடிவை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுக்காதீர்கள் என்று எச்சரிக்கை விட்டது. என்னைக் கேட்டால் அந்தக் கூடுதல் பேக்கேஜை, குடும்பத்தில் குறிப்பான காரணம் இருந்தாலொழிய, விட்டுவிடலாம்.

அப்புறம் அந்த உறவு. 2015-ல் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட என்.ஐ.பி.டி. மாதிரிகளைப் பார்த்த ஓர் ஆய்வில், குழந்தைக்குக் கோளாறு என்று வந்த சில முடிவுகளுக்கு உண்மைக் காரணம் தாய்க்கு இருந்த, அதுவரை தெரியாத புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டியின் குரோமோசோம்கள் தாறுமாறாக இருக்கும், அந்தத் துண்டுகளும் சேர்ந்து எண்ணப்பட்டுவிட்டன. 2024 இறுதியில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், இப்படி விநோதமான அல்லது விளக்க முடியாத முடிவு வந்த 107 பெண்களை முழு உடல் எம்.ஆர்.ஐ. உட்படச் சோதித்ததை வெளியிட்டார்கள். 52 பேருக்குப் புற்றுநோய். படித்தபோது திகைத்துப்போனேன். சாதாரண பாசிட்டிவ் வந்தவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம், இவர்களுக்கு வந்தது பல குரோமோசோம்களில் ஒரே நேரத்தில் குளறுபடி போன்ற அபூர்வமான முடிவுகள்.

இப்படித் தற்செயலாகவே புற்றுநோய் தெரிகிறது என்றால் வேண்டுமென்றே எல்லோரிடமும் தேடலாமே என்று தோன்றும். தேடுகிறார்கள். ஆனால் புற்றுநோயில் வேலை கடினம். நஞ்சுக்கொடி தாராளமாகக் கொட்டுகிறது, ஆரம்பநிலைக் கட்டியோ மகா கஞ்சன். பத்து மில்லி ரத்தத்தில் கிடைக்கும் பிளாஸ்மாவில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் பிரதிகள் சில ஆயிரம்தான் இருக்கும். கட்டியின் பங்கு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றால் அந்த ஒரு துண்டு நம் டியூபுக்குள் வராமலே போகலாம், எவ்வளவு நல்ல இயந்திரமாக இருந்தாலும் டியூபில் இல்லாததைப் படிக்க முடியாது. போதாததற்கு, வயதாகும்போது நம் ரத்த செல்களிலேயே புற்றுநோயில் காண்பது போன்ற மரபணு மாற்றங்கள் சேர்கின்றன, நோய் இல்லாமலே. அதனால் ஒரு மாற்றத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகளின் அமைப்பை ஆயிரக்கணக்கான இடங்களில் பார்க்கும் வழிக்குப் போனார்கள். அந்த அமைப்பு உறுப்புக்கு உறுப்பு மாறுவதால், நோய் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கவும் முடிகிறது.

2021-ல் வந்த கேலரி என்ற சோதனை இந்த வகை. 50-க்கும் மேற்பட்ட புற்றுநோய்களைத் தேடுகிறது. நோய் இல்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் சொல்லும் என்றது அதே ஆண்டு வந்த ஆய்வு. முதல் நிலைப் புற்றுநோயில் அது கண்டுபிடித்தது 16.8 சதவீதம், நான்காம் நிலையில் 90 சதவீதம். எந்த நிலையில் நமக்கு மிகவும் தேவையோ அங்கேதான் பலவீனம். பாத்ஃபைண்டர் என்ற ஆய்வில் 6,621 பேருக்கு இந்தச் சோதனை செய்தார்கள். 92 பேருக்குப் பாசிட்டிவ், அதில் 35 பேருக்கு நிஜமாகவே புற்றுநோய். ஓராண்டுக்குள் மொத்தம் 121 பேருக்குப் புற்றுநோய் தெரியவந்தது, அதாவது 86 பேருக்கு இந்தச் சோதனை நெகட்டிவ் என்று சொல்லியிருந்தது. இந்த 86-தான் எனக்கு அதிகக் கவலை தருவது. "ரத்தத்திலேயே பார்த்தாச்சு, ஒண்ணுமில்லை" என்று மார்பக எக்ஸ்ரேயான மாமோகிராமையோ, பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிற கொலோனோஸ்கோபியையோ தள்ளிப்போடுகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

ஒரே புற்றுநோயைத் தேடும் சோதனைகள் கொஞ்சம் மேல். பெருங்குடல் புற்றுநோய்க்கான ஷீல்டு சோதனைக்கு 2024 ஜூலையில் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. ஆய்வில் 83 சதவீதப் புற்றுநோய்களைப் பிடித்தது. ஆனால் புற்றாக மாறுவதற்கு முந்தைய பெரிய பாலிப்களில் (குடலின் உட்சுவரில் வளரும் சதை) 13 சதவீதத்தை மட்டுமே. கொலோனோஸ்கோபியின் பெருமையே அந்த பாலிப்பைப் பார்த்த இடத்திலேயே வெட்டி எடுப்பதுதான். கொலோனோஸ்கோபிக்குச் சம்மதிக்கவே மாட்டேன் என்கிறவருக்கு, ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ தேவலை.

இதெல்லாம் படித்துவிட்டு நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்த இடங்களில் இது அசத்துகிறது. நுரையீரல் புற்றுநோயாளியிடம் ஊசியால் சதை எடுக்காமல் ரத்தத்திலேயே ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவின் மாற்றத்தைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்க 2016-லேயே அனுமதி வந்துவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்தது 2022-ல் வந்த டைனமிக் ஆய்வு. இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயில் அறுவைசிகிச்சை முடிந்த பிறகு யாருக்குக் கீமோ தேவை என்பது பெரிய குழப்பம். ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுத்தபோது, கீமோ வாங்கியவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தார்கள், நோய் திரும்புவது கூடவில்லை. தேவையில்லாத கீமோவிலிருந்து அத்தனை பேர் தப்பினார்கள்.

ஆகவே ரத்தம் கொடுக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்: என் வயதில், என் நிலையில், பாசிட்டிவ் வந்தால் அது உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? நெகட்டிவ் வந்தால் வழக்கமான எந்தப் பரிசோதனையையும் விட்டுவிடலாமா? (பதில் பெரும்பாலும் "கூடாது".) பாசிட்டிவ் என்றால் அடுத்து என்ன, அதில் என்ன ஆபத்து, அதற்கு யார் ஏற்பாடு செய்வார்கள்? கடைசிக் கேள்விக்கு லேபில் தெளிவான பதில் இல்லையென்றால், அது கிடைக்கிற வரை அங்கே ரத்தம் கொடுக்காதீர்கள்.