நேரு, படேல் சண்டை போட்ட முறை

பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் தொழிற்சங்க வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். தலைவரும் செயலாளரும் கொள்கைக்காக முட்டிக்கொள்வது குறைவு. ‘என் பகுதிக்கு என்னைக் கேட்காமல் ஏன் ஆள் அனுப்பினீங்க?’ என்பதில்தான் ஆரம்பிக்கும்.

நேருவுக்கும் படேலுக்கும் வந்ததும் இதேதான். 1947 ஆகஸ்ட்டில் அமைச்சரவைக்கு அழைத்துக் கடிதம் எழுதிய நேரு, இது வெறும் சம்பிரதாயம் என்றார். முப்பது வருடத் தோழமையைச் சொல்லிப் பதில் எழுதினார் படேல். அவர் 14 வயது மூத்தவர். இளையவருக்குத் துணைப் பிரதமரானார். அந்த டிசம்பரிலேயே உரசல். கலவரம் நடந்த அஜ்மீருக்கு நேரு தன் செயலர் எச்.வி.ஆர். ஐயங்காரை அனுப்பினார். உள்துறையோ படேலிடம். பிரதமர் எதிலும் தலையிட்டு ஒருங்கிணைக்க வேண்டியவர் என்றார் நேரு. பிரதமர் சமமானவர்களில் முதலாமவர், அவ்வளவுதான்; சக அமைச்சர்களை மீறும் அதிகாரம் கிடையாது என்றார் படேல்.

இருவரும் இதைக் குறிப்பாக எழுதி, காந்தியிடம் கொடுத்தார்கள். யாராவது விலகித்தான் ஆகவேண்டுமென்றால் நானே போகிறேன் என்றார்கள், இரண்டு பேருமே. குறிப்புகளில் தகராறு முக்கியமாகப் பதவியின் எல்லை பற்றியது. ஆளின் குணம் பற்றியதல்ல. நட்பு பிழைத்தது அதனால்தான் என்பது என் கணிப்பு.

சங்கத்தில் இதைச் செய்வது கஷ்டமில்லை. அடுத்தவர் பகுதிக்குத் தலைவர் போவதானால் பகுதிச் செயலாளருக்கு முதல் நாளே ஒரு வரி, எழுத்தில். போய்வந்த குறிப்பின் நகல் முதலில் அவருக்கு, பிறகுதான் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு. வரிசை மாறினால் முதலாளி தரப்பு மோப்பம் பிடித்துவிடும்; இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசும். கோரிக்கைப் பட்டியலில் ஒன்றிரண்டு அப்படித்தான் காணாமல் போகின்றன. மனஸ்தாபம் ஒரு பக்கக் குறிப்புக்குள் அடங்கட்டும். வாயிற்கூட்டத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ அது வந்துவிட்டால் ஆதரவாளர்கள் இறங்கிவிடுவார்கள். அப்புறம் இருவரும் நினைத்தாலும் பின்வாங்க முடியாது.

1948 ஜனவரி 30 மாலை படேலிடம் பேசிவிட்டுப் பிரார்த்தனைக்குப் போன காந்தி சுடப்பட்டார். மத்தியஸ்தரே போனபின், பிப்ரவரி முதல் வாரத்தில் இருவரும் நேரடியாகவே எழுதிக்கொண்டார்கள். வேறுபாடு ஒழியவில்லை, ஆனால் 1950 டிசம்பர் 15 அன்று படேல் இறக்கும்வரை ஒரே அமைச்சரவையில் இருந்தார்கள்.

நம் சங்கங்களில் மத்தியஸ்தராக முன்னாள் தலைவரைப் பிடிப்பதுதான் வழக்கம். அடுத்த தேர்தலில் அவர் நிற்கப் போகிறாரா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.