கனமான மவுண்டன் பைக்கை இலகுவாக்குதல்: முதலில் டயர், பிறகு ஃபோர்க்

ஆரம்ப நிலை மவுண்டன் பைக் பெரும்பாலும் 14 முதல் 16 கிலோ இருக்கும். அதில் 2, 3 கிலோ குறைக்கலாம். அதற்கு மேல் போக நினைத்தால் வேறு வண்டி வாங்குவதே மேல். வண்டியும் ஆளுமாக 85 கிலோ என்று வைத்தால், 2 கிலோ குறைவதால் ஏற்றத்தில் மிச்சமாவது 2 சதவீதத்துக்குச் சற்றே அதிகம். சமதரையில் ஒரே சீராக மிதிக்கும்போது அதுவும் தெரியாது. அங்கே இழுத்துப் பிடிப்பவை டயரும் எதிர்க்காற்றும்தான். அதனால்தான் வேலையை டயரில் தொடங்க வேண்டும்.

கம்பி பீடு (ரிம்மில் அமரும் டயர் விளிம்பு) உள்ள 2.1 இன்ச் பட்டன் டயர் ஒன்று 700 முதல் 900 கிராம் வரும். மடிக்கக்கூடிய பீடு கொண்ட 1.5 அல்லது 1.6 இன்ச் வழவழப்பான டயர் 400, 500 கிராமில் கிடைக்கும். வாங்குமுன் பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள்: 26 இன்ச் என்றால் 559, 27.5 என்றால் 584, 29 என்றால் 622. டியூபையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அகலமான பழைய டியூபை ஒல்லி டயருக்குள் திணித்தால் உள்ளே மடிப்பு விழுந்து, அந்த மடிப்பிலேயே பஞ்சராகும்.

70 கிலோ ஆளுக்கு 1.6 இன்ச் டயரில் முன்னால் 45, பின்னால் 50 முதல் 55 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். காற்று குறைந்தால் குழியில் டியூப் ரிம்முக்கு இடையில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை விழும். கல்லாய் அடித்தாலும் வேகம் வராது; கரடுமுரடான சாலையில் வண்டி துள்ளித் துள்ளியே மிதித்த சக்தி வீணாகும்.

சக்கரம் கையில் இருக்கும்போதே ஹப்பைப் பார்த்துவிடுங்கள். ஆக்சிலை விரல் நுனியால் மெதுவாகச் சுற்றினால் வழுக்க வேண்டும். நறநறவென்று தட்டினால் கோன் (ஆக்சிலில் குண்டுகளைத் தாங்கும் கூம்பு நட்டு) இறுகியிருக்கிறது, அல்லது கிரீஸ் இல்லை. இந்த விலைப் பிரிவு ஹப்களில் இரண்டுமே சகஜம். மெல்லிய கோன் ஸ்பேனர் தேவை: வழக்கமாக முன்னால் 13 மிமீ, பின்னால் 15 மிமீ. குண்டுகள் பெரும்பாலும் முன்னால் பக்கத்துக்கு 3/16 இன்ச் பத்து, பின்னால் 1/4 இன்ச் ஒன்பது. கோனில் குழி விழுந்திருந்தால் எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் பலனில்லை, மாற்றியே ஆக வேண்டும். குயிக் ரிலீஸ் ஆக்சில் என்றால் மயிரிழை ஆட்டம் விடுங்கள். லீவரை மூடும்போது அது மறையும். நட்டு போட்ட ஆக்சிலில் ஆட்டமே கூடாது.

எடை உண்மையில் குவிந்திருப்பது ஃபோர்க்கில். இரும்புக் கால்களும் சுருள்வில்லும் கொண்ட சஸ்பென்ஷன் ஃபோர்க் 2.5 கிலோவைத் தாண்டும். நேரான இரும்பு ஃபோர்க் 1.2 கிலோ அளவில் முடியும். காட்டுப் பாதை ஓட்டாதவர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் எந்தப் பாகத்திலும் கிடையாது. ஆனால் உயரத்தில் பிழை வரக்கூடாது. ஆக்சில் மையத்திலிருந்து கிரவுன் ரேஸ் (ஃபோர்க்கின் தலையில் கீழ் பேரிங்கைத் தாங்கும் வளையம்) அமரும் இடம் வரை அளந்து, ஆள் ஏறும்போது அமுங்கும் 15, 20 மிமீயைக் கழியுங்கள். 100 மிமீ சஸ்பென்ஷன் உள்ள 26 இன்ச் வண்டியில் அது 450 மிமீ அளவில் வரும். அதைவிட 20 மிமீ குட்டையான ஃபோர்க் போட்டால் முன்கோணம் (ஹேண்டில் திரும்பும் அச்சின் சாய்வு) சுமார் 1 டிகிரி செங்குத்தாகி ஹேண்டில் பதற்றமாகத் திரும்பும். ஒல்லி டயர் ஏற்கெனவே பெடலைச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்த்தியிருக்கும். குட்டை ஃபோர்க்கும் சேர்ந்தால் வளைவில் பெடல் தரையில் இடிக்கும்.

பழைய ஃபோர்க்கின் கிரவுன் ரேஸைத் தட்டிக் கழற்றிப் புதியதில் ஏற்ற வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் காலிப்பர் மாட்டும் இடம் புது ஃபோர்க்கில் உண்டா என்று முன்பே பாருங்கள். ஃபோர்க்கின் மேலே நீளும் ஸ்டியரர் குழாயை, எல்லா வளையங்களும் ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்மும் மாட்டிப் பார்த்த பிறகே வெட்டவும். ஸ்டெம்மின் மேல் விளிம்பிலிருந்து 3 மிமீ தாழ இருந்தால் போதும், வெட்டியது ஒட்டாது.

சைடு ஸ்டாண்டைக் கழற்றினால் 300 கிராம் போகும். ரிஃப்ளெக்டரில் கை வைக்க வேண்டாம். பின்சக்கரத்தின் பிளாஸ்டிக் தட்டை எடுக்குமுன் பின் டிரெயிலியரின் (செயினைக் கியர் மாற்றும் கருவி) ‘எல்’ ஸ்க்ரூவைச் சரிபாருங்கள். இல்லையென்றால் செயின் ஃப்ரீவீலை (பின் பல்சக்கரத் தொகுப்பை) தாண்டி ஸ்போக்குக்குள் விழும்.

முன்னால் ஒரே பல்சக்கரமாக மாற்றுவதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். 26 இன்ச் ஒல்லி டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். முன்னால் 42 பல், பின்னால் 14 பல் கியரில் நிமிடத்துக்கு 90 மிதி மிதித்தால் மணிக்கு 32 கிமீ வரும். முன்னால் 32 பல் மட்டும் வைத்தால் அதே மிதிக்கு 25 கிமீகூட எட்டாது. அரைக் கிலோ குறைத்து வேகத்தை இழப்பதைவிட, மூன்று பல்சக்கரத்தையும் அப்படியே விட்டுப் புது கேபிள் போட்டு ஓட்டலாம்.