மின்தடை, மின்திறன் கணக்குகள்: மார்க் எங்கே நழுவுகிறது?

மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டையும் கொடுத்து மின்தடையையும் திறனையும் கேட்டால் பலருக்கும் நிம்மதி. ஒரு வகுத்தல் (மின்னழுத்தம் ÷ மின்னோட்டம் = மின்தடை), ஒரு பெருக்கல் (மின்னழுத்தம் × மின்னோட்டம் = திறன்), வேலை முடிந்தது. இயற்பியல் தாளில் நானும் இதைத்தான் முதலில் முடிப்பேன். ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் இவ்வளவு சின்னக் கணக்கில் எங்கெல்லாம் மார்க் நழுவுகிறது என்று பிடிபட்டது. அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முக்கோணம் போட்டு மேலே வி (மின்னழுத்தம்), கீழே ஐ (மின்னோட்டம்), ஆர் (மின்தடை) என்று எழுதி விரலால் மறைத்துப் பார்க்கும் வழி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எதை எதால் வகுப்பது என்று அது சொல்லிவிடும். எந்த வோல்ட்டை வகுப்பது என்று சொல்லாது. சிக்கலே அங்கேதான்.

9 வோல்ட் பேட்டரி, ஒரு எல்.இ.டி, அதோடு தொடராக ஒரு ரெசிஸ்டர் (மின்தடையாக்கி). எல்.இ.டி.யின் முனைகளுக்கு இடையே 2 வோல்ட், சுற்றில் ஓடுவது 20 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரின் மதிப்பு என்ன? கண்ணில் முதலில் படும் 9-ஐ எடுத்து 0.02-ஆல் வகுத்து 450 ஓம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் ரெசிஸ்டருக்குக் கிடைப்பது 9 - 2 = 7 வோல்ட்தான். ஆக, 7 ÷ 0.02 = 350 ஓம். அதில் வெப்பமாகும் திறன் 7 × 0.02 = 0.14 வாட், கால் வாட் ரெசிஸ்டரே தாங்கும். (கடையில் கிடைக்கும் சாதாரண மதிப்பு வரிசையில் 350 ஓம் ரெசிஸ்டர் வராது, செய்முறையில் 360 அல்லது 390 போடுவார்கள். விடைத்தாளில் 350 என்றே இருக்கட்டும்.) சுற்றுப்படம் வரைந்து, கேட்கப்பட்ட பொருளைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அதன் முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தம், அதன் வழியே ஓடும் மின்னோட்டம், இவற்றைத் தவிர வேறு எண்ணைத் தொடாதீர்கள்.

அடுத்தது மில்லி. வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் கிலோ ஓம் வரும், பெருக்கினால் மில்லி வாட் வரும். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் தசமப் புள்ளிக்குப் பின்னால் சுழியங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 9 வோல்ட், 15 மில்லி ஆம்பியர் என்றால் 0.6 கிலோ ஓம், அதாவது 600 ஓம். திறன் 135 மில்லி வாட்.

விடையைச் சரிபார்க்க, மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிப் பாருங்கள்: 0.015 × 0.015 × 600 = 0.135 வாட். பொருந்துகிறது. வகுத்தலைத் தலைகீழாகப் போட்டிருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஆனால் 15 மில்லி ஆம்பியரை 15 ஆம்பியர் என்று எடுத்திருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. 0.6 ஓம், 135 வாட் என்று இரண்டு வழியிலும் ஒரே தப்பு அழகாகப் பொருந்தி வரும்! அதற்கு எண்ணின் அளவைத்தான் பார்க்க வேண்டும். சின்னச் சுற்றில் ஒரு ரெசிஸ்டர் 135 வாட் வாங்குமா என்று ஒரு கணம் யோசித்தாலே போதும்.

ஒப்பிடும் கேள்விகள்தான் உண்மையில் ஆளைக் கவிழ்ப்பவை. மின்தடை கூடினால் திறன் கூடுமா, குறையுமா? ‘மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை’ என்ற சூத்திரம் கூடும் என்கிறது, ‘மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை’ என்ற இன்னொன்று குறையும் என்கிறது. இரண்டுமே சரி. மின்னோட்டம் மாறாமல் இருந்தால் கூடும், மின்னழுத்தம் மாறாமல் இருந்தால் குறையும். தொடர் இணைப்பில் மின்னோட்டம் பொது, பக்க இணைப்பில் மின்னழுத்தம் பொது. சூத்திரத்தைத் தேடும் முன் எது பொது என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

240 வோல்ட்டுக்கான 60 வாட், 100 வாட் இழை பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்து 240 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? 100 என்று கை தானாகப் போகும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தால் 60 வாட் பல்பு 960 ஓம், மற்றது 576 ஓம். மொத்தம் 1536 ஓம், மின்னோட்டம் சுமார் 0.156 ஆம்பியர். 60 வாட் பல்புக்குச் சுமார் 23.4 வாட், 100 வாட் பல்புக்குச் சுமார் 14.1 வாட். குறைந்த வாட் பல்புதான் பிரகாசம். இங்கே மின்தடை மாறாது என்று வைத்துக்கொள்கிறோம். உண்மையில் இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை ஏறும், அதனால் எண்கள் கொஞ்சம் நகரும். ஆனால் விடை மாறாது. அணைந்து ஆறிய பல்பை மல்டிமீட்டரில் பார்த்து 960 ஓம் காட்டவில்லையே என்று குழம்பவும் வேண்டாம், குளிர்ந்த இழையின் மின்தடை அதைவிட மிகக் குறைவு. 1827-இல் ஜார்ஜ் ஓம் என்ற இயற்பியலாளர் வெளியிட்ட விதியை (மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது) எழுதச் சொன்னால் ‘வெப்பநிலை மாறாதபோது’ என்ற சொற்களை விடக்கூடாது என்பதும் இதனால்தான்.

செய்முறைத் தேர்வுக்கு ஒன்று மட்டும். மின்னழுத்தம்-மின்னோட்டம் வரைபடத்தில் கிடையச்சில் எது, குத்தச்சில் எது என்று பார்த்துவிட்டுச் சாய்வு எடுங்கள். மின்னழுத்தம் கிடையச்சில் இருந்தால் சாய்வு நேரடியாக மின்தடையைத் தராது, 1-ஐ அந்தச் சாய்வால் வகுக்க வேண்டும். சாய்வுக்குரிய புள்ளிகளை அட்டவணையிலிருந்து எடுக்காமல், வரைந்த கோட்டின் மேலேயே நன்றாகத் தள்ளித் தள்ளி இரண்டு எடுங்கள்.