ஒமுக்வோ: பிள்ளை பெற்றவளுக்குத் தாய் செய்யும் பணிவிடை

நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களிடம், பிள்ளை பிறந்ததும் பெண்ணின் தாய் மகள் வீட்டுக்கு வந்து சில வாரங்கள், சமயத்தில் 3 மாதம்வரை தங்குவாள். இதுதான் ஒமுக்வோ. தாய் இல்லாவிட்டால் மாமியாரோ அக்காவோ வருவார். பிள்ளை பெற்றவள் ஒரு வேலையும் தொடக்கூடாது. இந்த வழக்கத்தின் உயிரே அந்த ஓய்வுதான் என்பேன்.

முதல் வேலை சாறு. யாம் கிழங்கு, உலர்ந்த மீன், உசிசா என்ற காட்டுமிளகு, உடா என்ற வாசனைக் காய் எல்லாம் சேர்த்துக் காரமாகக் கொதிக்கவைப்பார்கள். ஒரு பானைக்கு 2, 3 உடா காய் போதும். தட்டி முழுதாகப் போட்டு, இறக்கும்போது எடுத்துவிட வேண்டும். விதை அரைபட்டால் சாறு கசந்துவிடும். வயிற்றில் தங்கிய ரத்தத்தை உடா வெளியேற்றும் என்பது நம்பிக்கை. உண்மையில் அந்தக் கழிவு 4 முதல் 6 வாரத்தில் தானாகவே வடியும். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ வந்தாலோ சாற்றை நம்பி உட்காரக்கூடாது; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது வெந்நீர். துண்டை முக்கிப் பிழிந்து வயிற்றில் அழுத்தி ஒத்தடம் கொடுப்பார்கள். பிறகு வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைப்பார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். கொதிக்கக் கொதிக்க இருந்தால்தான் பலன் என்று நினைத்து, பச்சைப் புண்ணையும் தையலையும் வேகவைத்துவிடுகிறார்கள். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும்; 10, 15 நிமிடம் போதும். சிசேரியன் ஆனவளுக்கு வயிற்றை அழுத்தவே கூடாது.

விழுந்த தொப்புள்கொடியைத் தென்னை அல்லது எண்ணெய்ப்பனையின் அடியில் புதைப்பார்கள். அந்த மரம் பிள்ளைக்கே சொந்தம். தொப்புள்கொடி புதைந்த மண்தான் ஒருவரின் சொந்த ஊர் என்பதால், இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கொடி விழும்வரை பற்பசை, சாம்பல் எதுவும் தடவக்கூடாது. நைஜீரியாவில் இப்போது தொப்புளில் தடவக் கொடுப்பது 7.1% குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி ஜெல். அதைக் கண்மருந்து என்று எண்ணிக் குழந்தையின் கண்ணில் போட்டுப் பார்வை பாதிக்கப்பட்டதுண்டு. உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது. அந்த ஜெல் டியூபை மற்ற மருந்துகளோடு வைக்காதீர்கள்.

பாட்டி தாகத்துக்கென்று குழந்தைக்குத் தண்ணீர் புகட்ட வருவாள். அங்கே மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது: 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே.

ஊர் திரும்பும் நாளில் மருமகன் வீட்டார் அவளுக்கு இடுப்பில் சுற்றிக் கட்டும் ரேப்பர் துணி, உப்பு, சோப்பு, பணம் எல்லாம் கொடுத்து அனுப்புவார்கள். வெறுங்கையோடு அனுப்புவது அவளுக்குச் செய்யும் அவமரியாதை.