எந்தக் கையில் ஊசி போட்டார்கள் என்பதற்குச் சான்று எங்கே?

அமெரிக்காவில் ஃப்ளூ தடுப்பூசிக்குப் பின் என் தோள்பட்டை முடங்கியதற்காக நான் தொடுத்த இழப்பீட்டு வழக்கு, ஒருவழியாகச் சமரசத்தில் முடிந்திருக்கிறது. தடுப்பூசி பாதிப்புகளுக்கு அரசுத் திட்டம் ஒன்றின் வழியாக இழப்பீடு தரும் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய கோரிக்கையை முதலில் வாஷிங்டனிலுள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில்தான், அரசின் சுகாதாரத் துறைச் செயலரை எதிர்மனுதாரராகக் காட்டித் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞரைத் தேடியதும் மனுப் போட்டதும் எளிதாகவே நடந்தன.

ஆவணங்கள்தான் வாட்டி எடுத்தன. சிர்வா எனப்படும் இந்தத் தோள் பாதிப்பு 2017 மார்ச் முதல், இழப்பீட்டுக்குரிய பாதிப்புகளின் அரசுப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், ஊசி போட்ட தோளில் மட்டுமே இருக்க வேண்டும், பாதிப்பு 6 மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். மருந்தகம் அனுப்பிய பதிவிலோ எந்தக் கை என்ற கட்டமே காலியாக இருந்தது. கணினியில் இருப்பதற்கு மேல் எதுவும் தர இயலாது என்று அங்கிருந்தவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நீதிமன்றத்தின் வழியாக முறைப்படி கேட்ட பிறகே, இடது கை என்று பேனாவால் வட்டமிட்டிருந்த ஒப்புதல் படிவம் வெளியே வந்தது. அதைக் கையில் வாங்கியபோது வழக்கே வென்றுவிட்டதுபோல் இருந்தது.

அதைவிடப் பெரிய இடைஞ்சல், மருத்துவரின் முதல் குறிப்பு. ஊசி போட்ட அன்றிரவே வலி தொடங்கியது என்று நான் தெளிவாகச் சொல்லியும், "சில வாரங்களாகத் தோள்வலி" என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். அரசுத் தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. ஊசி போட்ட தேதியைக் குறித்து வைத்திருந்த பிசியோதெரபி பதிவும் என் மனைவியின் பிரமாண வாக்குமூலமும்தான் காப்பாற்றின. ஆகவே முதல் சந்திப்பிலேயே தேதி, கை, வலி தொடங்கிய நேரம் மூன்றும் குறிப்பில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். முதல் அறிகுறி தோன்றி 3 ஆண்டுகள் கடந்துவிட்டால் மனுச் செய்ய முடியாது. கோவிட் தடுப்பூசிக்கு வேறு திட்டம். அதில் ஊசி போட்டதிலிருந்து ஓராண்டே கெடு.

என்னுடையது போன்ற வழக்கில், வழக்கறிஞர் கட்டணத்தை 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இழப்பீட்டுத் திட்டமே தனியாகச் செலுத்திவிடும். இழப்பீட்டில் பங்கு கேட்பவரிடம் கையெழுத்திடாதீர்கள். வலிக்கும் வேதனைக்குமான தொகை 2,50,000 டாலரைத் தாண்டாது. சமரசப் பத்திரத்தில், தடுப்பூசிதான் காரணம் என்பதை அரசு மறுக்கிறது என்ற வரி இருந்தது. இரவில் புரண்டு படுக்க முடியாமல் கிடந்த எனக்கு அதன் கீழ் கையெழுத்திடுவது கசந்தது. ஆயினும் வழக்கை மேலும் இழுக்க விரும்பாமல் இட்டேன்.

இறுதி முடிவு இணையத்தில் வெளியாகும். பெயரையோ மருத்துவ விவரங்களையோ மறைக்கக் கோருவதற்கு 14 நாள் அவகாசம்தான் உண்டு என்பதால், அந்த மனுவை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.