அமைதியான பிள்ளைக்கும் ஏ.டி.எச்.டி. இருக்கலாம்

ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) என்றதும் ஓரிடத்தில் உட்காராத பையன்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறான். என் மகள் அப்படி இல்லை. வகுப்பில் அவள் சத்தமே கேட்காது. கரும்பலகையில் இருப்பதைப் பாதி எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். கணக்கு தெரியும், ஆனால் கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டிவிடுவாள். ஐந்தாம் வகுப்பு வரை அவளுக்குக் கிடைத்த பட்டம் ‘சோம்பேறி’. அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

குழந்தை மருத்துவர் முதலில் கண், காது, தைராய்டு எல்லாம் பார்க்கச் சொன்னார். தூக்கம் எப்படி என்றும் விசாரித்தார். இவற்றில் கோளாறு இருந்தாலும் கவனம் சிதறுமாம். அப்புறம் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

ஏ.டி.எச்.டி.யை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நம்மிடம் விரிவாகக் கேட்பார்கள். பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியாகப் படிவம் நிரப்ப வேண்டும். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, குழந்தைகளுக்குக் கவனக்குறைவின் 9 அறிகுறிகளில் குறைந்தது ஆறு, 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரியவும் வேண்டும்.

எங்களுக்குச் சிக்கல் பள்ளிப் படிவத்தில் வந்தது. வகுப்பு ஆசிரியை எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றே குறித்திருந்தார். யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளை அவர் கண்ணில் படவில்லை. பெண் குழந்தைகள் பலர் இப்படித்தான் விடுபட்டுப் போகிறார்கள். நான் பழைய நோட்டுகளையும் ரேங்க் கார்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். வருடா வருடம் ‘கவனம் தேவை’ என்ற குறிப்பு. நோட்டில் முதல் ஐந்து வரி அழகான கையெழுத்து, அப்புறம் பாதி வாக்கியத்தோடு வெற்றிடம். மருத்துவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். டியூஷன் ஆசிரியையிடமும் ஒரு படிவம் வாங்கிவரச் சொன்னார். அதன் பிறகே கவனக்குறைவு வகை ஏ.டி.எச்.டி. என்று உறுதியானது. உங்கள் பிள்ளையின் பழைய நோட்டுகளைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை தொடங்கினோம். பசி குறையும் என்பதால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகே தருகிறோம். எடையும் ரத்த அழுத்தமும் அவ்வப்போது பார்க்கிறார்கள். கட்டுப்பாடு உள்ள மருந்து, எல்லாக் கடையிலும் கிடைக்காது. கையிலிருக்கும் மாத்திரை தீர்வதற்கு முன்பே தேடத் தொடங்குங்கள்.

இன்னொன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி. இல்லை, கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வருவது சகஜம். அதனால் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். அது இருப்பது உறுதியானால், தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும்போது கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் கைகொடுக்கும்.