இஎக்ஸ்5-க்குப் புது பிஸ்டன்: முதல் ஆயிரம் கிலோமீட்டர்

மோட்டார்சைக்கிள்: ஹோண்டா இஎக்ஸ்5, பழைய கார்பரேட்டர் வகை. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 49.5 மி.மீ., 97 சிசி. பிளாக் (சிலிண்டர்) தேய்ந்து வட்டம் போய்விட்டதால் 0.50 மி.மீ. ஓவர்சைஸ் போரிங், அதாவது உள்சுவரைக் கடைந்து பெரிதாக்கி அதற்கேற்ற பெரிய பிஸ்டன். 50.5 மி.மீ. என்றால் 99 சிசி வரும். அந்த இரண்டு சிசியை நம்பி யாரும் பந்தயம் கட்ட வேண்டாம். ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஓடுவது பாதி ஈப்போ போகும் பழைய சாலையில், மீதி செம்பனைத் தோட்டத்துச் செம்மண்ணில்.

புது பிளாக் போட்டால் பட்டறையில் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: “ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டாதே.” இதில் பாதி சரி, பாதி பிளாக்கைக் கெடுக்கும். ஹோனிங் செய்த (கல்லால் இழைத்த) பிளாக்கின் உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகளின் மேல்முனையைப் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்த்துச் சமப்படுத்தினால்தான் காற்று கசியாமல் அடைக்கும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. மேலே எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து வெளியே தள்ளுகிறது. திராட்டல் (முறுக்கும் கைப்பிடி) திறக்காமல் ஒரே வேகத்தில் ஊர்ந்தால் அந்தத் தள்ளுதல் இல்லை. கோடுகளில் ஆயில் காய்ந்து கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு ஏறிவிடும். அப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் உட்காராது, மறுபடி கழற்றி ஹோனிங்தான். பயப்பட வேண்டியது சூட்டுக்கு. வேகம் அதற்கு அடுத்தது.

மாட்டுவதற்கு முன். பிஸ்டனைக் கையில் கொடுக்காமல் பிளாக்கைப் போரிங்குக்கு விடாதீர்கள். பெட்டியில் 0.50 என்று போட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் அளவு கொஞ்சம் மாறும். பிஸ்டன் பாவாடையை (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பகுதியை) மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்குமேல் 0.03 முதல் 0.04 மி.மீ. விட்டுப் போர் செய்யச் சொல்ல வேண்டும். ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குப் போரை 0.004-ஆல் பெருக்கினால் போதும், இங்கே 0.20 மி.மீ. ரிங்கைப் பிளாக்குக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராக ஒரு விரற்கடை தள்ளி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கலாம். இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு ரிங் சுவரைச் சுரண்டும். நைஸ் அரத்தால் முனையை வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி மட்டும் இழைத்துச் சரிசெய்ய வேண்டும்.

பலர் கோட்டை விடுவது கழுவுவதில். போரிங் கடையிலிருந்து வந்த பிளாக் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். பெட்ரோல் ஊற்றித் துடைத்தால் எண்ணெய் போகும், ஹோனிங் கல்லின் பொடி கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பிரஷ். தேய்த்து அலசிக் காயவைத்து, வெள்ளை டிஷ்யூவில் இரண்டு சொட்டு ஆயில் விட்டுச் சுவரைத் துடைத்துப் பாருங்கள். டிஷ்யூ சாம்பல் நிறமானால் மறுபடி சோப்பு. இந்தப் பிளாக்குக்கு நான்கு தடவை ஆயிற்று. வெள்ளை வெள்ளையாகவே வந்ததும் உடனே ஆயில் தடவ வேண்டும், இல்லையென்றால் நம் ஊர் ஈரத்தில் ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும்.

பிஸ்டனில் ‘ஐஎன்’ என்று பொறித்த பக்கம் கார்பரேட்டர் பக்கம். ரிங்கில் எழுத்து உள்ள முகம் மேலே. ரிங்குகளின் மூன்று வாய்களும் 120 டிகிரி தள்ளித் தள்ளி. பிஸ்டன் ஊசியைப் பிடிக்கும் கிளிப் புதிது. ஹெட் நட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் செம்பு வாஷர் வரும். எதிலிருந்து கழற்றினீர்களோ அதிலேயே போடாவிட்டால் ஆயில் கசியும். டைமிங்குக்கு (வால்வும் பிஸ்டனும் நேரம் பொருந்த) மேக்னட்டில் ‘டி’ கோடு, கேம் பல்சக்கரத்தில் வட்டக்குறி, இரண்டும் அதனதன் குறிக்கு நேர். வால்வு இடைவெளி இரண்டுக்கும் 0.05 மி.மீ. இதை எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது அளக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய மோட்டார் மத்தியானம் மூன்று மணிக்குத் தொட்டாலே சுடும், அதனால் விடியற்காலையில் அளப்பதே நல்லது.

ஆயில் (கடையில் மின்யாக் ஹித்தாம் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்): மினரல் 20டபிள்யூ-40, டப்பாவில் ஜாசோ எம்ஏ (மோட்டார்சைக்கிள் ஆயிலுக்கான ஜப்பானியத் தரம்) முத்திரை உள்ளது. இந்த மோட்டாரின் கிளட்ச் ஆயிலிலேயே ஊறுவது. வழுக்கலுக்கு மருந்து கலந்த கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். அளவு 0.7 லிட்டர். ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்ப்பது வீண் வேலை. கூடுதல் ஆயில் மூச்சுக்குழாய் வழியே ஏர் ஃபில்டர் பக்கம் வரும்.

0 கி.மீ. பிளக்கைக் கழற்றிவிட்டு இருபது கிக். மேல் டேப்பட் மூடியைத் திறந்தால் ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் ஆயில் மேலே ஏறவில்லை, ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஏறியபின் பிளக் மாட்டி ஸ்டார்ட். கப்சாய்க்கு (இந்த வகைச் சிறிய மோட்டாருக்கு) ஓடும் காற்றுதான் குளிர்ச்சி. ஸ்டாண்டில் போட்டு அரை மணி நேரம் உறுமவிடுவது இங்கே ஒரு வழக்கம். அதைவிட மோசமான ஆரம்பம் கிடையாது. மேசை விசிறியை எதிரே வைத்து இரண்டு நிமிடம், கசிவு இருக்கிறதா என்று பார்க்க மட்டும். பிறகு முழுக்க ஆறவிட்டு ஹெட் நட்டுகளின் இறுக்கத்தை இன்னொரு முறை பார்த்தாயிற்று.

0–40 கி.மீ. எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த ஓட்டம். இஎக்ஸ்5-இல் ஆர்பிஎம் மீட்டர் இல்லை. அதனால் திராட்டல் பிடியிலும் அதன் கூட்டிலும் வெள்ளை டேப் ஒட்டி, பாதித் திருகலில் இரண்டும் நேராக நிற்கும்படி குறி வைத்தோம். மூன்றாவது கியரில் 30-இலிருந்து பாதித் திராட்டலில் 50 வரை ஏற்றிவிட்டு, முழுக்க மூடி, கியர் மாற்றாமல் 30-க்கு இறங்க விட வேண்டும். ஏறும்போது வாயு ரிங்கை அழுத்தும். மூடியதும் பிளாக்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கீழேயிருந்து ஆயிலை உறிஞ்சித் தேய்ந்த பொடியை அடித்துக்கொண்டு போகும். பதினைந்து இருபது தடவை இப்படி. நான்காவது கியரில் 45-க்கும் 65-க்கும் இடையே அதேபோல. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடல்.

செமோர் பக்கம் போகும் சாலை இதற்குத் தோது. பெரிய ஏற்றம் இல்லை. விளக்கில் நிற்கும் நேரம் கூடாமல் இருக்க ஞாயிறு காலை. மெனோரா சுரங்கப் பக்கம் நெடுஞ்சாலை ஏற்றத்துக்கு இந்தக் கட்டத்தில் போகவே வேண்டாம். சூடு ஏறிக்கொண்டே இருக்கும், ஆறும் நேரம் கிடைக்காது.

முதல் இருபது கிலோமீட்டரில் லேசான நீலப்புகை வந்தது. மாட்டும்போது தடவிய ஆயில்தான், தானே நின்றது.

40 கி.மீ. சூட்டோடு முதல் ஆயில் மாற்றம். “இவ்வளவு சீக்கிரமா” என்று கேட்பவர்களுக்கு: இந்த எஞ்சினில் காகித ஃபில்டரே கிடையாது. ஒரு கம்பி வலையும், வலப்பக்க மூடிக்குள் கிராங்கோடு சுழலும் ஒரு கிண்ணமும்தான். பொடி எல்லாம் ஆயிலிலேயே சுற்றும். வடிந்ததை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்தால் வெள்ளி மினுக்கம் தெரிந்தது. விரலில் தேய்த்தால் மாவு மாதிரி இருந்தது, நகத்தில் தட்டவில்லை. அது சரி. நகத்தில் தட்டும் துணுக்கு இருந்தால் காந்தம் வைக்க வேண்டும். ஒட்டினால் ரிங், பிளாக், பல்சக்கரம் என்று தேட வேண்டும். ஒட்டாத வெள்ளைத் துணுக்கு பிஸ்டனாக இருக்கலாம். வடிகால் போல்ட்டுக்கு 17 ஸ்பேனர், புது வாஷர். கூடு அலுமினியம் என்பதை மறந்து காலால் மிதித்து இறுக்கி மரை போன இஎக்ஸ்5-கள் ஊரில் ஏராளம்.

40–300 கி.மீ. வேலைக்குப் போய் வரும் சாதாரண ஓட்டம். நான்காவது கியரில் 70 வரை, ஒரே வேகத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. பின்னால் ஆள் இல்லை, 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) இல்லை. குறைந்த வேகத்தில் உயர்ந்த கியரில் திணறவிடுவதும் கூடாது. 25-இல் நான்காவது கியர் போட்டு முறுக்கினால் பிஸ்டனுக்குத் தான் அடி.

செம்மண் ரோடு தனித் தொல்லை. பழம் ஏற்றும் லாரிக்குப் பின்னால் ஒருநாள் போனாலே ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சிவப்புத் தூள். பெட்டிக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் வாயில் வெடிப்பு இருந்தால் அந்தத் தூள் நேரே புது ரிங்குக்குப் போகும், கல்பொடியும் அதுவும் ஒன்றுதான். 120 கி.மீ.-இல் பார்த்தபோது அந்த ரப்பர் வாயின் கிளிப் தளர்ந்திருந்தது, இறுக்கியாயிற்று.

பிஸ்டன் பிடிப்பதற்கு (சூட்டில் விரிந்து சுவரோடு இறுகுவதற்கு) முன் அறிகுறி உண்டு: திராட்டல் அதே இடத்தில் இருக்க, யாரோ பின்னால் இழுப்பதுபோல் வேகம் குறையும். அப்போது முறுக்கக் கூடாது. இஎக்ஸ்5-இல் கிளட்ச் கைப்பிடி இல்லை. கியர் மாற்றும் முன் மிதியை அழுத்தி அப்படியே பிடித்தால் கிளட்ச் விலகும். ஓரமாக உருண்டு நிறுத்தி, ஆறும்வரை கிக் அடிக்காமல் விட வேண்டும்.

300 கி.மீ. இரண்டாவது ஆயில் மாற்றம், மினுக்கம் மிகக் குறைவு. கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளப்பது), திராட்டல் முழுக்கத் திறந்து ஆறு கிக்: 40 கி.மீ.-இல் 9.5 பார், இப்போது 11. வால்வு இடைவெளியில் எக்ஸாஸ்ட் சற்று இறுகியிருந்தது, மறுபடி 0.05.

இந்தக் கட்டத்துக்குப் பிறகும் புகை வந்தால் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். முறுக்கும்போது வந்தால் ரிங். இறக்கத்தில் மூடிவிட்டு மறுபடி திறக்கும்போதோ காலை முதல் ஸ்டார்ட்டிலோ வந்தால் வால்வு சீல். பிளாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

300–1,000 கி.மீ. முக்கால் திராட்டல், சிறிது நேரம் முழுத் திராட்டல், பின்னால் ஆள். 500 கி.மீ.-இல் 11.5 பார், 1,000-இலும் அதே. ஆயில் குச்சியை மோட்டாரை நேராக நிறுத்தி, மரையைத் திருகாமல் சும்மா விட்டுத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 300-க்கும் 1,000-க்கும் நடுவே கோடு இறங்கவில்லை.

கடையில் புதிதாக எடுத்த மோட்டாருக்கு இவ்வளவு வேண்டாம். ஹோண்டா கையேடு முதல் 500 கி.மீ. முழுத் திராட்டலும் திடீர் முடுக்கமும் வேண்டாம் என்கிறது, முதல் சர்வீஸ் 1,000-இல். வாரண்டி இருக்கும்போது அதன்படியே போகலாம்.

1,000 கி.மீ. மூன்றாவது ஆயில். கூடவே வலப்பக்க மூடியைத் திறந்து சுழல் கிண்ணத்தையும் வலையையும் மண்ணெண்ணெயில் கழுவியாயிற்று. கிண்ண மூடியின் ஸ்குருக்கள் சாதாரண ஸ்குரு டிரைவருக்கு மசியாது, தலை வழுக்கிவிடும். சுத்தியால் தட்டும் இம்பேக்ட் டிரைவர் வேண்டும். உள்சுவரில் கறுப்புப் பசை தகடாகப் படிந்திருந்தது, ஸ்பூன் காம்பால் வழித்தால் அரை ஸ்பூன் வரும். வலப்பக்க மூடியின் கேஸ்கெட் திறக்கும்போது பெரும்பாலும் கிழியும், புதிது ஒன்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.